அப்பாயியின் சொத்து பேத்திக்கே!

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ். பகல் நேரம், கூட்டமில்லை. என் பக்கத்தில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். அவர் காலடியில் ஒரு பை நிறையச் சின்ன வெங்காயம். முன் ஸீட்டில் அவருடைய மருமகள். மடியில் ஒரு பெண் குழந்தை, பக்கத்தில் இன்னொரு பெண் குழந்தை. மருமகள் வாயே திறக்கவில்லை. மாமியார்தான் பேசிக்கொண்டு வந்தார்.

"ரெண்டும் பொட்டப் புள்ளையாப் பெத்துப்புட்டா. இப்ப மூணாவது, நாலு மாசம். எம் மவன் எனக்கு ஒத்தப் புள்ள. வம்சம் நிக்க ஒரு ஆம்பளப் புள்ள வேணாமா? நீயே சொல்லு தாயி!"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ள இருக்கறது என்னான்னு பாத்துச் சொல்ற ஆளு இருக்காங்களாம். அதான் விசாரிச்சிட்டு வரலாம்னு போறோம்."

எனக்குச் சுருக்கென்றது. பார்த்துச் சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முன் ஸீட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கும் தெரியாமலா இருக்கும்? எடுத்த எடுப்பில் சட்டம் பேசினால் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் வெங்காயத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"அம்மா, உங்க பையில இருக்கற வெங்காயத்தை வெச்சுத்தான் காலேஜ் பிள்ளைங்க இந்தப் பாடத்தையே படிக்கிறாங்க, தெரியுமா?"

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வெங்காயத்தின் அடிப்பாகம் தண்ணீரில் படும்படி ஒரு டம்ளரில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வெளேரென்று வேர் இறங்கும். அந்த வேரின் நுனியைக் கிள்ளி, சாயம் ஏற்றி, நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். வளர்கிற நுனி ஆதலால் அங்கே உயிரணுக்கள், அதாவது செல்கள், ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கும். பிரிகிற சமயத்தில் அதற்குள்ளே நூல் துண்டுகள் மாதிரி சில தெரியும். அவைதான் குரோமோசோம்கள். வெங்காயத்துக்கு 16. நமக்கு 46. மனிதனுக்கு 46 என்று சரியாக எண்ணிச் சொன்னதே 1956ல்தான்!

இந்த 46ஐ 23 ஜோடி என்று சொல்வதுதான் பொருத்தம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. சமையல் நோட்டுப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிறந்த வீட்டு நோட்டு 23, புகுந்த வீட்டு நோட்டு 23. ரசம் வைப்பது எப்படி என்று இரண்டு வீட்டு நோட்டிலும் இருக்கும். கைப்பக்குவம்தான் கொஞ்சம் மாறும். ஒவ்வொரு குறிப்புக்கும் பெயர் ஜீன், தமிழில் மரபணு. உடம்புக்கு வேண்டிய புரதங்களைச் செய்ய மட்டும் நம்மிடம் ஏறக்குறைய 20,000 குறிப்புகள் இருக்கின்றன.

நோட்டு எதனால் ஆனது? டி.என்.ஏ. என்ற இரட்டைச் சரத்தால். இரண்டு பிரி சேர்த்து முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்து. ஏ எப்போதும் டியோடுதான் சேரும், ஜி எப்போதும் சியோடுதான் சேரும். முறை மாறாது! ஒரு பிரி தெரிந்தால் இன்னொரு பிரியைத் தானே எழுதிவிடலாம். செல் இரண்டாகப் பிரியும்போது அப்படித்தான் நகல் எடுக்கிறது. இந்த அமைப்பை வாட்ஸன், கிரிக் என்ற இருவர் 1953ல் வெளியிட்டார்கள். ரோஸலிண்ட் ஃபிராங்க்ளின் என்ற பெண் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் எடுத்த எக்ஸ்ரே படம் அதற்குப் பெரிய துணை. 1962ல் நோபல் பரிசு வந்தபோது அந்தப் பெண் உயிரோடு இல்லை.

நம் உடம்பில் ஒரே ஒரு செல்லில் இருக்கிற டி.என்.ஏ.யை நீட்டிப் பிடித்தால் சுமார் இரண்டு மீட்டர் வரும். புடவை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். கண்ணுக்குத் தெரியாத செல்லுக்குள் அதை எப்படி மடித்து வைத்திருக்கிறது பாருங்கள்! ரொம்பப் பெருமைப்பட வேண்டாம், வெங்காயத்திடம் நம்மைப்போல் ஐந்து மடங்கு டி.என்.ஏ. இருக்கிறது.

விஷயத்துக்கு வருவோம். 23 ஜோடியில் 22 ஜோடி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி. கடைசி ஜோடியில்தான் வித்தியாசம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். ஒய் என்பது குட்டையானது. எக்ஸில் புரதம் செய்யும் குறிப்புகள் 800க்கு மேல் இருக்க, ஒய்யில் நூறு சொச்சம்தான்.

இதைக் கண்டுபிடித்ததில் முக்கியமானவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1905ல் அவர் ஆராய்ந்தது மாவுப்புழுவை. நாம் மாவு டப்பாவில் பார்த்தால் 'சீ' என்று கொட்டிவிடுவோம், அவர் அதை எடுத்து எண்ணிப் பார்த்தார்! பெண் புழுவிடம் இருபது குரோமோசோமும் பெரியவை. ஆண் புழுவிடம் பத்தொன்பது பெரியவை, ஒன்று மட்டும் சிறியது. அந்தச் சிறிசு வந்து சேர்ந்தால் ஆண், வராவிட்டால் பெண் என்று அவர் முடிவுக்கு வந்தார். மனிதனுக்கும் அதே கணக்குத்தான்.

இப்போது பாருங்கள். தாயின் சினைமுட்டைக்குப் பாதி நோட்டுகள்தான் போகும், 23. தாயிடம் இருப்பதெல்லாம் எக்ஸ், ஆகவே எந்த முட்டையிலும் எக்ஸ்தான் இருக்கும். தகப்பனின் விந்தணுக்களில்தான் பாதியில் எக்ஸ், பாதியில் ஒய். எக்ஸ் முந்தினால் மகள், ஒய் முந்தினால் மகன். 'பொட்டையாப் பெத்துப்புட்டா' என்று எத்தனை மருமகள்களைக் கரித்துக் கொட்டியிருக்கிறார்கள்! இன்னொரு கல்யாணம் வரைக்கும் போன குடும்பங்கள் எத்தனை! அந்தப் பெண்ணிடம் கொடுப்பதற்கு ஒய்யே கிடையாதே, எங்கிருந்து கொடுப்பாள்?

உடனே "அப்படியானால் குற்றம் உங்கள் மகன் மேல்தான்" என்று திருப்பிப் போடவும் கூடாது. அவனும் பொறுக்கி எடுத்துக் கொடுப்பதில்லை. காசு சுண்டிப் போடுகிற மாதிரிதான். முதல் இரண்டும் பெண்ணாக வருவது நாலு குடும்பத்தில் ஒரு குடும்பத்துக்குச் சாதாரணமாக நடக்கக்கூடியது. அதற்காக 'மூணாவது கண்டிப்பா ஆம்பளை' என்றும் சொல்ல முடியாது. போன தடவை என்ன விழுந்தது என்று காசுக்கு ஞாபகமா இருக்கும்? மூன்றாவதுக்கும் பாதிக்குப் பாதிதான். நம் கிராமங்களில் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்துப் பார்த்தார்களே, அந்தப் பெயருக்கெல்லாம் குரோமோசோம் காது கொடுப்பதில்லை.

வயிறு கூம்பியிருந்தால் இது, அகன்றிருந்தால் அது, வலது காலை எடுத்து வைத்தால் இது என்பதெல்லாம் பொழுது போகாத பேச்சு. போகட்டும், அதனால் உடம்புக்குக் கெடுதலில்லை. ஆனால் கர்ப்பம் நின்ற பிறகு ஆண் குழந்தைக்கென்று பொடி, லேகியம் கொடுக்கிறார்களே, அது ஆபத்து. கரு உண்டான கணத்திலேயே எக்ஸா ஒய்யா என்பது முடிந்துபோன சங்கதி. ஒய்யில் எஸ்.ஆர்.ஒய். என்று ஒரு ஜீன் இருக்கிறது, 1990ல் கண்டுபிடித்தார்கள். கரு வளர ஆரம்பித்து ஆறு ஏழு வாரம் ஆகும்போது அது விளக்கு சுவிட்ச் மாதிரி வேலை செய்து ஆண் உறுப்புகள் உருவாக வழி செய்கிறது. அந்த ஜீன் வயிற்றுக்குள் இருக்கிற குழந்தையிடம் இல்லாதபோது எந்தப் பொடியும் அதைக் கொண்டுவந்து வைக்காது. உறுப்புகள் உருவாகிற அந்த வாரங்களில் என்ன கலந்ததென்றே தெரியாத பொடியைத் தின்பது குழந்தைக்கு ஊனத்தை விலைக்கு வாங்குகிற காரியம்.

அந்த அம்மாள் விசாரிக்கப் போன விஷயத்துக்கு நான் ஏன் அவ்வளவு பதறினேன் என்று கேட்பீர்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். அரியலூர் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள், பெரம்பலூரில் 1,003. அடடா, நல்ல ஊர் என்று தோன்றும். ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் கதை வேறு. ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு அரியலூரில் 897 பெண் குழந்தைகள், பெரம்பலூரில் 913. இயற்கையாகவே ஆண் குழந்தைகள் சற்றுக் கூடுதலாகத்தான் பிறக்கும். விட்டுவிட்டால் ஆயிரத்துக்கு 950 பெண்கள் வாக்கில் இருக்க வேண்டும். தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்து 943 இருந்தது. காசு சுண்டினால் இவ்வளவு பெரிய கூட்டத்தில் இப்படி ஒரு பக்கமாக விழாது. யாரோ காசைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அந்தக் கணக்கு வந்த 2011லேயே, சேலத்தில் 1992ல் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் அரசு கொண்டுவந்தது.

கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994லேயே சட்டம் வந்துவிட்டது. வாயால் மட்டுமில்லை, சைகையால் சொன்னாலும் குற்றம். முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். மருமகள்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் அந்தச் சட்டத்தில் உண்டு. கர்ப்பிணியைக் கணவனோ உறவினரோ வற்புறுத்தித்தான் அழைத்து வந்திருப்பார்கள் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் அதை நிரூபிக்க வேண்டும். வீட்டில் வற்புறுத்தல் தாங்கவில்லையென்றால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. இதைச் சொல்வதால் ஸ்கேன் என்றாலே பயந்துவிடாதீர்கள். ஐந்தாம் மாத வாக்கில் டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஸ்கேன் குழந்தையின் இருதயம், முதுகெலும்பு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அதைத் தவறவிடக் கூடாது.

தாய் வழியாக மகனுக்குப் போகிற சங்கதிகளும் உண்டு. ஹீமோஃபீலியா என்று, அடிபட்டால் ரத்தம் உறையாமல் போய்க்கொண்டே இருக்கிற வியாதி எக்ஸோடு வருவது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்றில் பழுதிருந்தாலும் மற்றது பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஆணுக்கு மாற்று இல்லை. உங்கள் சகோதரனுக்கோ தாய்மாமனுக்கோ அப்படி இருந்தால் கர்ப்பமான உடனேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பஸ்ஸில் இவ்வளவும் சொன்னேனா? இல்லை, பாதிதான் சொல்லியிருப்பேன். காசுக் கணக்கு வரைக்கும் அந்த அம்மாள் 'உம்' கொட்டிக்கொண்டு வந்தார். வம்சம் என்ற இடத்தில் மட்டும் இறங்கவே இல்லை. "என்ன இருந்தாலும் பேரன்னாத்தானே எங்க ரத்தம்" என்றார்.

"அம்மா, உங்க மகனுக்கு இருக்கறது ஒரே ஒரு எக்ஸ். அது யார் கொடுத்தது?"

"யாரு?"

"நீங்கதான். உங்க ரெண்டு எக்ஸும் கலந்து ஒண்ணாகி அவருக்குப் போச்சு. அவர்கிட்ட கலக்கறதுக்கு வேற எக்ஸ் இல்லை. அதனால கிட்டத்தட்ட அப்படியே எடுத்துத் தன்னோட பொண்ணுங்களுக்குக் குடுத்துடறார். இந்த ரெண்டு குழந்தைங்ககிட்டயும் இருக்கு. பேரன் பிறந்தா அவனுக்குத் தாத்தாவோட ஒய் போகும். உங்க எக்ஸ் போகாது. மத்த இருபத்திரண்டு நோட்டும் பேரனுக்கும் உண்டு, பேத்திக்கும் உண்டு. ஆனா இந்த ஒண்ணு, பேத்திக்கு மட்டும்தான்."

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. முன் ஸீட்டில் சின்னது பின்பக்கம் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பாயி" என்று கையை நீட்டியது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மூக்கைத் தொட்டுப் பார்த்தார். "இதுக்கு என் மூக்குன்னு எங்க அண்ணன் சொல்லும்" என்றார். மூக்கு எந்த நோட்டில் இருக்கிறது என்பது அவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடியதில்லை, பல ஜீன்கள் சேர்ந்து செய்கிற வேலை. அதை அப்போது நான் சொல்லவில்லை.

பெரம்பலூரில் ஏறியதிலிருந்து வாய் திறக்காத மருமகள் அப்போதுதான் திரும்பினாள்.

"அப்ப என்னது யாருக்கு போவும், அக்கா?"

"உன்னோடது எல்லாருக்கும் போகும்மா. பொண்ணா இருந்தாலும், பையனா இருந்தாலும்."

அரியலூர் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலில் இறங்கினார். வெங்காயப் பையை நான் எடுத்துக் கீழே கொடுத்தேன். "நாலு மாசம் ஆயிடுச்சு, இவளை இங்க எந்த ஆஸ்பத்திரியில காட்டலாம், தாயி?" என்று கேட்டார். பிரசவம் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்பினேன்.