ஆறடிப் பரிசலா, ஏழரை அடிப் பரிசலா?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுவோம். சித்தேரி மலையிலிருந்து இறங்கி, நாகமரைப் பக்கம் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் வலை போடலாம் என்கிறீர்கள். சின்னப் பரிசல் வாங்குவதா, பெரியதா என்பதுதான் குழப்பம்.

ஒகேனக்கல்லில் ஆட்களை ஏற்றும் பரிசல் ஏறக்குறைய ஏழரை அடி விட்டம். உங்கள் மனதில் இருக்கும் சின்னது ஆறடி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை அடிதானே வித்தியாசம் என்று தோன்றும். தண்ணீர் அப்படிப் பார்ப்பதில்லை.

அடிப்பாகம் தட்டை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆறடிப் பரிசல் ஓர் அங்குலம் அமிழ 67 கிலோ போதும். ஏழரை அடிக்கு 104 கிலோ வேண்டும். இரண்டு ஆள், வலை, மீன் எல்லாம் சேர்ந்து 200 கிலோ என்றால், சின்னது மூன்று அங்குலம் இறங்கும், பெரியது இரண்டு அங்குலம்தான். பரிசலின் சொந்த எடை இதில் சேரவில்லை.

இதைவிட முக்கியமானது சாய்வு. வலையை இழுக்கும்போது உடல் எடை முழுவதும் ஒரு விளிம்புக்குப் போகிறது. பரிசலைச் சாயவிடாமல் தாங்கும் வலு விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும். ஆறடியிலிருந்து ஏழரை அடிக்குப் போனால் அந்த வலு ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது. அலுமினியப் படகிலும் இதே பாடம்தான்: நீளத்தை 12 அடியிலிருந்து 14 அடியாக்கினால் ஆறில் ஒரு பங்குதான் கூடும்; அகலத்தை 4 அடியிலிருந்து நாலரை ஆக்கினால் ஐந்தில் இரண்டு பங்கு கூடும். படகு பார்க்கப் போகிறவர் முதலில் அகலத்தை அளக்க வேண்டும்.

அப்படியானால் எல்லோரும் பெரியதையே வாங்கலாமே? அங்கேதான் சிக்கல். மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. கோடையில் மட்டம் இறங்கினால் கரை வெகுதூரம் விலகிப் போகும். அப்போது பரிசலைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஏழரை அடியைத் தனி ஆள் சுமப்பது கஷ்டம். காற்று எழுந்தால் ஒற்றைத் துடுப்பால் அதைத் திருப்புவதும் கஷ்டம்.

ஆகவே என் தீர்ப்பு இது. தனியாகப் போய், கரையோரம் சில வலைகள் மட்டும் விரிப்பதானால் ஆறடி. அண்ணன் தம்பி இருவராகப் போவதானால் ஏழரை அடி. சுமக்கவும் இரண்டு பேர் இருப்பார்கள். ஆறடியில் மூன்றாவது ஆளை ஏற்றாதீர்கள். மூங்கிலோ ஃபைபரோ, எதுவானாலும் வாங்குமுன் மீன்பிடிக்க முறையான அனுமதி பெறுங்கள். ஒகேனக்கல்லில் பயணிகள் போடும் உயிர்காப்பு அங்கியை நீங்களும் போட்டுக்கொண்டே தண்ணீரில் இறங்குங்கள்.