முதலில் வானம், கடைசியில் மருத மரம்

இரணைமடுக் குளக்கட்டில் நின்று போஸ்டர் வர்ணத்தில் படம் வரைபவர் முதலில் வானத்தைத்தான் பூசுவார். அது காய்ந்ததும் அக்கரைக் காட்டைக் கரும்பச்சைப் பட்டையாக இழுப்பார். பிறகு தண்ணீர், அதன்மேல் தோணி. கடைசியாகத்தான் கிட்ட நிற்கும் மருத மரம். மரத்துக்குப் பின்னால் மறையும் காட்டை அழிக்கத் தேவையில்லை. மேலே விழும் வர்ணமே மூடிவிடும்.

கணினி வரைகலையிலும் இதே முறை உண்டு. பெயரே ‘ஓவியர் முறை’தான். பொருள்களைத் தூரத்தின்படி வரிசைப்படுத்தி, தூரத்தில் உள்ளதை முதலிலும் கிட்ட உள்ளதை அதன்மேலும் வரையும்படி செய்நிரல் கணினியிடம் சொல்கிறது. வரிசை பிசகினால் காடு வந்து மரத்தை மூடிவிடும். நிரலும் ஓவியமும் மிக நெருங்கி வருவது இந்த வரிசையில்தான் என்பேன்.

ஆனால் ஒரு கிடுகை வரையச் சொன்னால் இந்த முறை திணறிப்போகும். பின்னிய ஓலை ஒவ்வொன்றும் ஓரிடத்தில் அடுத்ததன் மேலே ஏறும், இன்னோரிடத்தில் கீழே நுழையும். எதை முதலில் வரைவது? ஓவியர் ஓலையைத் துண்டு துண்டாகப் பார்த்து, மேலே வரும் துண்டைப் பிறகு பூசுவார். 1972இல் மார்ட்டின் நியூவெல் உள்ளிட்ட மூவர் கணினிக்குச் சொன்ன வழியும் அதுவே: சிக்கும் வடிவத்தை வெட்டிப் பிரி, பிறகு வரிசைப்படுத்து.

எட்வின் கட்மல் 1974இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வேட்டில் வேறு வழி காட்டினார். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் தூரத்தையும் குறித்து வைப்பது. புதிதாக வருவது அதைவிடக் கிட்ட இருந்தால் மட்டும் நிறத்தை மாற்றுவது. அப்போது வரிசையே தேவைப்படாது. 1920×1080 திரையில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. அத்தனைக்கும் நினைவகம் வேண்டும். அன்று அது பெருஞ்செலவு. இன்று கைத்தொலைபேசி விளையாட்டுகளே இப்படித்தான் ஓடுகின்றன.

சிறுவயதில் கட்மல் கார்ட்டூன் ஓவியராக ஆசைப்பட்டவர். கைவராது என்று நினைத்துக் கணினிப் பக்கம் வந்து, பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் கணினிப் பொறியியல் படிக்கலாம். அங்கே போக நினைக்கும் பிள்ளை சாதாரண தரத்தில் சித்திரத்தையும் ஒரு பாடமாக எடுக்க விரும்பினால், பெற்றோரே, தயவுசெய்து தடுக்காதீர்கள்.