கொதித்த நீரும் குளிர்நடுக்கமும்

டயாலிசிஸ் தொடங்கிச் சிறிது நேரத்தில் நோயாளிக்குக் கட்டிலே அதிரும்படி குளிர்நடுக்கம் எடுப்பதும், பின்பு காய்ச்சல் ஏறுவதும் எப்போதேனும் நிகழ்வதுண்டு. நீரின் தூய்மையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், உடனிருக்கும் உறவினர் கேட்பார்: "இயந்திரத்துக்குப் போகும் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டால் போதாதா, டாக்டர்?" நியாயமான கேள்விதான். குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்பவர்களும் நாங்களே அல்லவா!

கொதிக்கும் நீரில் பாக்டீரியாக்கள் இறந்துவிடுகின்றன. ஆனால் அவற்றுள் ஒரு பிரிவின் வெளிச்சுவரில் கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த ஒரு பொருள் உண்டு. அதுவே எண்டோடாக்சின், தமிழில் அகநச்சு எனலாம். பாக்டீரியா இறந்து சிதையும்போது அது நீரில் கலக்கிறது. கொதிநிலை அதை ஒன்றும் செய்வதில்லை. அறுவைக் கருவிகளை 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் வைக்கும் ஆட்டோகிளேவ் கிருமிகளைக் கொன்றுவிடும். அகநச்சின் பெரும்பகுதி அதற்கும் தப்பிவிடும். அதை நம்பகமாக அழிக்க 250 டிகிரி உலர்வெப்பத்தில் 30 நிமிடம் வைக்க வேண்டும். கண்ணாடிக் குப்பி அதைத் தாங்கும். நீரும் பிளாஸ்டிக் குழாயும் தாங்குமா?

குடிக்கும் நீரில் இது பெரிதாகத் தொல்லை தருவதில்லை. நம் குடலிலேயே இத்தகைய பாக்டீரியாக்கள் ஏராளம், குடற்சுவர் தடுத்துக்கொள்ளும். இரத்தத்தில் கலந்தாலோ, ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவே காய்ச்சலைக் கிளப்பப் போதும்.

நூறாண்டுகளுக்கு முன் ஊசி மருந்து ஏற்றியவர்களுக்குக் காரணம் புரியாத காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. வடித்த நீரில்தானே மருந்தைக் கரைத்தோம் என்று மருத்துவர்கள் திகைத்தனர். நீர் கொதிக்கும்போது தெறிக்கும் நுண்துளிகள் ஆவியோடு சேர்ந்து மறுபக்கம் போய், பாக்டீரியாவின் நச்சையும் சுமந்து செல்கின்றன என்று 1920களில் அமெரிக்க ஆய்வாளர் ஃபுளோரன்ஸ் சீபர்ட் கண்டறிந்தார். துளிகளைத் தடுத்து நிறுத்தும் அமைப்பை வடிகலத்தில் சேர்த்ததும் அந்த நீர் காய்ச்சல் தரவில்லை.

நான்கு மணி நேர டயாலிசிஸில் ஏறத்தாழ 120 லிட்டர் நீர் ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் உங்கள் இரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. ஆகவே ஆர்.ஓ. சவ்வாலும் நுண்வடிகட்டியாலும் அகநச்சைப் பிடித்து நிறுத்துகிறோம். குழாய்களில் வெந்நீரோ கிருமிநாசினியோ செலுத்துவது அகநச்சை அழிக்க அன்று. அதை உண்டாக்கும் பாக்டீரியா அங்கே குடியேறாதிருக்க. நீரில் அகநச்சு உண்டா என்று பார்க்கும் சோதனைக்குக் குதிரைலாட நண்டின் இரத்தம் பயன்படுகிறது என்பது வியப்பான செய்தி. அகநச்சு பட்டதும் அது உறைந்துவிடும்.

இத்தனை காவலுக்குப் பிறகும் நடுக்கம் தோன்றினால், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பொறுத்திருக்காதீர்கள். அந்த நொடியே செவிலியரை அழையுங்கள். கழுத்துக் குழாயில் தொற்று ஏற்பட்டாலும் இதே அறிகுறிதான் தெரியும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டியிருக்கும். வீட்டில் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோர், பை கசிந்திருந்தால் அந்தத் திரவத்தைச் சூடாக்கிப் பயன்படுத்த முயல வேண்டாம். அதை ஒதுக்கி வைத்துவிட்டு எங்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.