காவிரி டெல்டா ஊர்களில் மார்கழி, தைச் சாலைப் பயணம்

காவிரி டெல்டா சாலைப் பயணம் என்பது தஞ்சாவூரில் தொடங்கி, கும்பகோணம், மயிலாடுதுறை, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், திருவாரூர், மன்னார்குடி வழியாக மீண்டும் தஞ்சாவூர் வந்து சேரும் வட்டப் பயணமாகும். தூரத்தை மட்டும் பார்த்தால் ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் வழியெங்கும் சோழர், நாயக்கர், மராத்தியர், டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற ஊர்கள் நெருக்கமாக அமைந்துள்ளதால் நான்கு அல்லது ஐந்து நாட்கள் தேவைப்படும். மார்கழியும் தையும் (டிசம்பர் நடுப்பகுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை) இதற்கு உகந்த காலமாகும். இது சம்பா நெல் விளைந்து அறுவடையாகும் காலமும் ஆகும் என்பதால், பயணத் திட்டம் பெரிதும் ஆற்று நீரையும் வயல் வேலையையும் ஒட்டியே அமைகிறது.

பருவமும் பயண நாளும்

டெல்டாவுக்கு மழை தருவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கும் இப்பருவத்தில் வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் இக்கரையைத் தாக்குவதுண்டு. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னை மரங்களைச் சாய்த்தது. ஆகவே நவம்பரில் பயணம் வைப்பது பாதுகாப்பானதல்ல. டிசம்பர் முதல் பாதியிலும் வானிலை அறிவிப்பைப் பார்த்தே கிளம்ப வேண்டும்.

மறுமுனையில் இன்னொரு எல்லை உள்ளது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, வழக்கமாக சூன் 12 அன்று பாசனத்திற்குத் திறக்கப்பட்டு சனவரி 28 அன்று மூடப்படுகிறது. அதன் பின் சில நாட்களில் ஆறுகளில் நீர் வற்றி மணல் தெரியத் தொடங்கும். கரை நிறைந்த ஆறும் கதிர் முற்றிய வயலும் ஒருசேரக் கிடைப்பது டிசம்பர் கடைசி வாரம் முதல் சனவரி இறுதி வரையான ஐந்து வாரங்களில்தான்.

வயலின் தோற்றமும் வாரத்துக்கு வாரம் மாறும். ஆகஸ்டு, செப்டம்பரில் தொடங்கும் சம்பா சாகுபடி டிசம்பரில் பச்சையாக நிற்கும். பொங்கலை ஒட்டிப் பொன்னிறமாகும். பின்னர் அறுவடை தொடங்கும். குறுவைக்குப் பின் நடப்படும் தாளடிப் பயிர் பிப்ரவரி, மார்ச்சு வரை வயலில் இருக்கும். அறுவடைக்கு ஓரிரு வாரம் முன்பே ஈர வயலில் உளுந்து, பச்சைப்பயறு விதைகளைத் தூவிவிடுவது டெல்டா வழக்கம். அதனால் தை மாதக் கடைசியில் நெல் தாளுக்கிடையே பயறு முளைத்து நிற்பதைக் காணலாம்.

பாதையின் அமைப்பு

கல்லணையில் காவிரி நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. கரிகால் சோழன் கட்டியதாகக் கருதப்படும் இவ்வணை 19ஆம் நூற்றாண்டில் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் சீரமைக்கப்பட்டது. காவிரியும் வெண்ணாறும் மேலும் பல கிளைகளாகி வயல்களுக்குச் செல்கின்றன. போகும்போது காவிரிப் பக்கமாகக் கடல் வரை சென்று, திரும்பும்போது வெண்ணாற்றுப் பக்கமாக வருவது இப்பயணத்தின் எளிய அமைப்பாகும். இதனால் ஒரே சாலையில் இருமுறை செல்ல வேண்டியிருப்பது குறைகிறது.

ஐந்து நாள் திட்டம் ஒன்று:

1ஆம் நாள்: கல்லணை, திருவையாறு, தஞ்சாவூர்.
2ஆம் நாள்: தஞ்சாவூர், சுவாமிமலை, தாராசுரம், கும்பகோணம்.
3ஆம் நாள்: கங்கைகொண்ட சோழபுரம் சென்று திரும்பி, திருபுவனம், மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி.
4ஆம் நாள்: காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், கீழ்வெண்மணி, திருவாரூர்.
5ஆம் நாள்: மன்னார்குடி, வடுவூர், தஞ்சாவூர்.

நான்கு நாட்களே இருந்தால் கல்லணையையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் விட்டுவிடலாம். மாறாக ஒரு நாள் கூடுதலாக இருந்தால் நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே வேதாரண்யம், கோடியக்கரை செல்லலாம். 1930 ஏப்ரலில் இராசாசி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய இடம் வேதாரண்யம். கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்களும், குளிர்காலத்தில் பூநாரை உள்ளிட்ட வலசைப் பறவைகளும் காணப்படும்.

வழியில் உள்ள ஊர்கள்

தஞ்சாவூர்: முதலாம் இராசராசன் கட்டிய பெரிய கோயில் 1010இல் நிறைவுற்றது. வண்டல் மண்ணே நிறைந்த டெல்டாவில் பாறை கிடையாது. கோயிலுக்கான கருங்கல் முழுவதும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. 1987இல் யுனெசுகோ உலகப் பாரம்பரியச் சின்னமாக இது அறிவிக்கப்பட்டது. பொங்கலை ஒட்டி இங்குள்ள பெரிய நந்திக்குக் காய், கனி, இனிப்புகளால் அலங்காரம் செய்யப்படும். அரண்மனை வளாகத்திலுள்ள சரசுவதி மகால் நூலகம் நாயக்கர் காலத்தில் தோன்றி, மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசி (ஆட்சி 1798–1832) காலத்தில் பெரிதும் வளர்ந்தது.

திருவையாறு: தஞ்சாவூருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவில் காவிரிக் கரையில் உள்ளது. தியாகராசர் (1767–1847) வாழ்ந்து மறைந்த ஊர். அவரது சமாதிக் கோயிலைக் கட்டுவித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமி அன்று ஆராதனை நடைபெறும். இது சந்திர நாட்காட்டியைச் சார்ந்தது என்பதால் ஆங்கிலத் தேதி மாறும். பெரும்பாலும் சனவரியில் வரும். அந்த வாரத்தில் தஞ்சாவூரிலும் அறைகள் எளிதில் கிடைக்காது.

சுவாமிமலை, தாராசுரம்: சுவாமிமலையில் மெழுகு அச்சு முறையில் செப்புத் திருமேனிகள் வார்க்கப்படுகின்றன. மெழுகு உருவத்தின் மேல் பூசப்படுவது காவிரியின் நுண்ணிய வண்டல் மண். பட்டறைகள் பலவற்றில் வேலையைப் பார்க்க அனுமதிக்கிறார்கள். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசனால் கட்டப்பட்டது. பெரிய கோயிலை விடச் சிறியதானாலும் சிற்ப நுணுக்கத்தால் கூடுதல் நேரம் கேட்கும் கோயில் இது.

கும்பகோணம்: 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மகாமகம் நடைபெறும் நகரம், கடைசியாக 2016இல் நடந்தது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை சீனிவாச இராமானுசன் வளர்ந்த வீடு நினைவில்லமாகப் பேணப்படுகிறது. அருகிலுள்ள நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கும், திருபுவனம் பட்டு நெசவுக்கும் பெயர் பெற்றவை. இவ்விரண்டும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

கங்கைகொண்ட சோழபுரம்: கும்பகோணத்துக்கு வடக்கே ஏறத்தாழ 35 கி.மீ., கொள்ளிடத்துக்கு அப்பால், அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. முதலாம் இராசேந்திரன் தலைநகரை இங்கு மாற்றினான். இன்று கோயிலும் அரண்மனை அகழ்வாய்விடமும் வெட்டிய பேரேரியின் பகுதியும் எஞ்சியுள்ளன. செல்லும் வழியில் அணைக்கரையில் காட்டன் காலத்துக் கீழணையைக் காணலாம். இக்கோயிலும் தாராசுரமும் 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

தரங்கம்பாடி: தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனிஷ்காரர்கள் இங்கு டான்சுபோர்க் கோட்டையைக் கட்டினர். 1706இல் வந்த சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்டார். 1845இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. நகர வாயில், 1718இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம், அரசத் தெருவின் பழைய வீடுகள் ஆகியவற்றை நடந்தே பார்த்துவிடலாம். பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது.

காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம்: காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அடுத்துள்ள நாகூர் தர்காவின் மிக உயரமான மினாரைக் கட்டுவித்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங். நாகப்பட்டினத்தில் சோழர் காலத்தில் சூடாமணி விகாரை என்னும் பௌத்தப் பள்ளி இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழகத்திலேயே மிகுதியான உயிரிழப்பு இம்மாவட்டத்தில்தான். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் கடலோர ஊர்களில் மக்கள் அஞ்சலி செலுத்துகின்றனர். பயண நாள் அத்தேதியில் அமைந்தால், கடற்கரை அன்று சுற்றுலா இடமாக இராது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கீழ்வெண்மணி: கீழ்வேளூர் வட்டத்தில் உள்ள சிற்றூர். கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 தலித் மக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுக்கான நினைவிடம் இங்குள்ளது. சோழர் கோயில்களுக்கு நெல் அளந்த அதே நிலத்தில் உழைத்தவர்களின் வரலாற்றை அறிய விரும்புவோர் தவறவிடக் கூடாத இடம் இது.

திருவாரூர்: கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று சொல்லப்படும் ஊர். ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல் என்பதால், தியாகராசர் கோயிலும் கமலாலயக் குளமும் தனித்தனியே முப்பது ஏக்கருக்கும் மேற்பட்டவை எனக் கொள்ளலாம். தியாகராசர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாத்திரி ஆகிய மூவரும் பிறந்தது இவ்வூரில்தான்.

மன்னார்குடி, வடுவூர்: பாமணியாற்றங்கரையில் உள்ள மன்னார்குடி, இராசகோபாலசுவாமி கோயிலாலும் அரித்திராநதி என்னும் பெருங்குளத்தாலும் அறியப்படுவது. தஞ்சாவூர்ச் சாலையில் உள்ள வடுவூர் ஏரி ஒரு பாசன ஏரி. பறவைகள் சரணாலயமும் ஆகும். 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளைப் பார்க்கக் காலையோ மாலையோ ஏற்றது.

கோயில் நேரங்கள்

பெரும்பாலான கோயில்கள் நண்பகல் 12 மணியளவில் நடை சாத்தி மாலை 4 மணியளவில் திறக்கும். ஒரு நாளில் மூன்று கோயில்கள் எனத் திட்டமிட்டால், இரண்டைக் காலையிலும் ஒன்றை மாலையிலும் வைத்துக்கொண்டு, இடைப்பட்ட நேரத்தை நூலகம், கோட்டை, நெசவுக்கூடம், பட்டறை ஆகியவற்றுக்கு ஒதுக்கலாம். மார்கழியில் விடியலுக்கு முன்பே நடை திறக்கும். வைகுண்ட ஏகாதசி, ஆருத்ரா தரிசனம், பொங்கல் விடுமுறை ஆகிய நாட்களில் கூட்டம் மிகுதி.

சாலையில் காயும் நெல்

இப்பருவத்தில் டெல்டாச் சாலைகளில் வாகனம் ஓட்டுவோர் அறிந்திருக்க வேண்டிய முதன்மையான செய்தி, அறுவடை நெல் சாலையிலேயே காயவைக்கப்படும் என்பதாகும். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் பொதுவாக 17 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது. இயந்திரம் அறுத்த நெல்லில் ஈரம் அதைவிடக் கூடுதலாக இருக்கும். மார்கழி, தைப் பனியும் அதைக் கூட்டும். ஊர்க் களங்கள் போதாதபோது வெயில் படும் தார்ச் சாலையே களமாகிறது. பருவம் தவறி மழை பெய்தால் நெல் முளைத்து, ஓர் ஆண்டு உழைப்பு வீணாகும். தார்ப்பாய் மூடிய நெற்குவியல்கள் சாலையோரம் நிற்பது இதனால்தான்.

பயணிகளுக்கு இதிலிருந்து சில நடைமுறைகள் கிடைக்கின்றன. நெல் பரப்பிய பாதியை விட்டு மறுபாதியில் மெதுவாகச் செல்ல வேண்டும். எதிரே பேருந்து வந்தால் நின்று வழிவிடுவது நல்லது. நெல்லின் மேல் திடீரென நிறுத்தினால் இருசக்கர வாகனம் வழுக்கும். சாலையில் கிடக்கும் வைக்கோல் காரின் அடியில் சிக்கிச் சூடேறினால் தீப்பிடிக்கும் வாய்ப்பும் உண்டு.

இரவிலும் அதிகாலைப் பனியிலும் விளக்கில்லாத டிராக்டர்கள், அறுவடை இயந்திரங்கள், தைப்பூசத்தை ஒட்டிப் பழநிக்கு நடந்து செல்லும் பக்தர்கள் ஆகியோர் சாலையில் இருப்பர். எனவே ஒரு நாள் ஓட்டத்தைப் பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொள்வது நன்று. ஆற்றங்கரைச் சாலைகள் அழகானவை. ஆனால் குறுகலானவை, பல இடங்களில் தடுப்புச் சுவர் இல்லாதவை. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலை 36, தஞ்சாவூர்–நாகப்பட்டினம் நெடுஞ்சாலை 83, கடலோர நெடுஞ்சாலை 32 ஆகியவற்றை ஊர்விட்டு ஊர் செல்லவும், கரைச் சாலைகளைப் பகலில் சிறு தொலைவுக்கும் பயன்படுத்தலாம்.

தங்குமிடமும் உணவும்

தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம், திருவாரூர் ஆகிய ஊர்களில் எல்லா வகை விடுதிகளும் உள்ளன. தரங்கம்பாடியில் தங்குமிடங்கள் குறைவு; முன்பதிவு தேவை. பகலில் வெயிலும் விடியலில் 20 டிகிரி செல்சியசை ஒட்டிய இளங்குளிரும் இருப்பதால் மெல்லிய போர்வை போதும். கும்பகோணம் டிகிரி காபி, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் பாசிப்பருப்புக் கடப்பா, திருவையாற்று அசோகா ஆகியவை வழியில் கிடைக்கும் உள்ளூர் உணவுகள். கார் இல்லாதவர்கள் இதே பாதையைப் பேருந்திலும் சுற்றலாம். இவ்வூர்களுக்கிடையே நாள் முழுவதும் பேருந்துகள் உண்டு. அப்போது ஒரு நாள் கூடுதலாகக் கணக்கிட வேண்டும்.