அந்தரத்தில் அணிவகுக்கும் துளிகள்

அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லாத நீர்ப்படலத்தின் அடியில் ஒரு சிறு புள்ளியை மட்டும் லேசரால் சூடாக்கினால், அதற்கு நேர் மேலே நுண்துளிகள் பிறந்து, நீரைத் தொடாமல் மிதக்கின்றன. நுண்ணோக்கியில் அவை சிதறலாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு துளியையும் ஆறு துளிகள் ஏறக்குறைய சம இடைவெளியில் சூழ்ந்திருக்க, தேனடையின் அறைகளைப் போல அறுகோண ஒழுங்கில் நிற்கின்றன. ரஷ்யாவின் தியுமென் நகர ஆய்வாளர் அலெக்சாந்தர் ஃபெதோரெத்ஸ் இந்தத் ‘துளிக்கொத்து’ பற்றி 2004இல் ஆய்விதழில் எழுதினார்.

நீர் கொதிக்க வேண்டியதில்லை. சுமார் 60 டிகிரி செல்சியஸ் போதும். சூடான இடத்திலிருந்து எழும் ஆவி, மேலே குளிர்ந்த காற்றைச் சந்தித்துத் துளியாகிறது. கீழிருந்து வரும் ஆவியும் காற்றும் கலந்த ஓட்டமே அந்தத் துளியைத் தாங்குகிறது. பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் உருண்டோடும் துளி வேறு வகை. அது தன் அடிப்பாகமே ஆவியாகி உண்டாக்கும் மெத்தையில் மிதப்பது.

தாங்கும் கணக்கு எளிது. 40 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள நீர்த்துளி அசையாத காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வேகத்தில் விழும். அதே வேகத்தில் ஓட்டம் மேலெழுந்தால் துளி நின்ற இடத்திலேயே நிற்கும். ஆனால் விட்டம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகிறது; அதே ஓட்டம் தரும் உந்தலோ இரண்டே மடங்கு. ஆகவே வளர வளரத் துளி கீழிறங்குகிறது.

ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? சூடான இடத்தில் காற்று மேலே எழுவதால், அதை நிரப்பச் சுற்றுப்புறக் காற்று நீர்ப்பரப்பை ஒட்டி உள்நோக்கி வீசுகிறது. அது துளிகளையும் மையத்துக்குத் தள்ளுகிறது. நெருங்கி வரும் துளிகளின் இடுக்குகளில் புகுந்தெழும் ஓட்டமோ அவற்றை விலக்கி வைக்கிறது. இந்த இரண்டும் சமப்படும் தூரத்தில் துளிகள் நிலைகொள்கின்றன. ஒரே அளவுள்ள உருண்டைகளை ஒரு தளத்தில் நெருக்கினால் கிடைக்கும் அமைப்பு அறுகோணம்தான் என்பதால் பெரிய கொத்துகளின் வடிவம் வியப்பில்லை.

வியப்பு சிறிய கொத்துகளில் இருக்கிறது. ஃபெதோரெத்ஸ், எட்வர்ட் போர்மஷென்கோ, மைக்கேல் நொசொனோவ்ஸ்கி உள்ளிட்டோர் 2017இல் ஒற்றைத் துளி முதல் சில டஜன் துளிகள் வரை விரும்பிய எண்ணிக்கையில் கொத்துகளை உருவாக்கினர். அவற்றில் நான்கு, ஐந்து, ஏழு மடங்குச் சமச்சீர் கொண்ட வடிவங்களும் கிடைத்தன. பெரிய கொத்துகளில் இவற்றைக் காண முடியாது. ஒழுங்கை அளக்க, ஒவ்வொரு துளிக்கும் உரிய எல்லையை வரைந்து, அந்தப் பலகோணங்களின் பக்கங்களை எண்ணுகிறார்கள். இதிலிருந்து பெறும் ‘வொரொனோய் என்ட்ரோபி’, எல்லாமே அறுகோணமானால் சுழியம். தாறுமாறாகத் தெளித்த புள்ளிகளுக்குச் சுமார் 1.71.

கொத்தின் ஆயுள் குறைவு. ஆவி மேலும் மேலும் படிந்து துளிகள் பருக்கின்றன. சில பத்து விநாடிகளில் ஏதாவது ஒன்று நீர்ப்பரப்பைத் தொட்டுக் கலந்துவிடும். அதில் எழும் சிற்றலை மற்ற துளிகளையும் விழுங்க, கண்ணிமைக்கும் நேரத்தில் கொத்து கலைகிறது. இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள்: மேலிருந்து அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சினால் துளி சற்றே சூடேறி, படியும் அளவுக்கு ஆவியாகவும் செய்கிறது, அளவு மாறாமல் நீண்ட நேரம் மிதக்கிறது. இப்படி நிலைநிறுத்திய துளி ஒவ்வொன்றையும் பாத்திரச் சுவரே இல்லாத சோதனைக்குழாயாக்கி, அதற்குள் வேதிவினைகளையும் நுண்ணுயிரிகளையும் கவனிப்பதே இந்த ஆய்வின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று.