பானைத் தண்ணீர் ஏன் குளிரவில்லை?

கத்திரி வெயிலில் மழை பெய்தால் வேண்டாம் என்று சொல்பவர் யார்? அக்கினி நக்ஷத்திரம் தொடங்கியதும் வானத்தை அண்ணாந்து பார்ப்பது நம் எல்லோருக்கும் வழக்கமாகிவிடுகிறது. ஒரு கருமேகம் தலை காட்டிவிட்டால் வீட்டில் ஒரே அமர்க்களந்தான். மொட்டை மாடியில் உலரும் வடாத்தை எடுக்க ஒருவர் ஓடுகிறார். கொடியிலுள்ள துணியை எடுக்க இன்னொருவர் ஓடுகிறார். குழந்தைகளோ நனைவதற்கென்றே வாசலுக்கு ஓடுகிறார்கள். அரை மணி நேரம் மழை கொட்டுகிறது, மண் மணக்கிறது, "அப்பாடா!" என்று பெருமூச்சு விடுகிறோம்.

மறுநாள்தான் சங்கடம் ஆரம்பமாகிறது. வெயில் மீண்டும் வருகிறது. கூடவே புழுக்கத்தையும் அழைத்து வருகிறது. மாற்றிய சட்டை ஐந்து நிமிஷத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. பானைத் தண்ணீரை மொண்டு குடித்தால் அதுவும் வெதுவெதுப்பாக இருக்கிறது. போன வாரம் இதைவிடக் கடுமையான வெயிலில் இதே பானை ஜில்லென்று தண்ணீர் கொடுத்ததே! இன்று அதற்கு என்ன வந்தது?

பானையின் மேல் குற்றமில்லை. மண்பானையின் நுண்ணிய துளைகள் வழியே தண்ணீர் வெளியே கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் உஷ்ணத்தையும் எடுத்துச் செல்கிறது. காற்று உலர்ந்திருந்தால் இந்தக் காரியம் விரைவாக நடக்கும். காற்றிலே ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவிக்குப் போக்கிடம் ஏது? நமது தேகமும் இத்தகைய ஒரு பானைதான். வேர்வை வழிவதனால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது உலர வேண்டும். பானை குளிராத நாளில் மனிதனும் குளிர மாட்டான்.

2025-ஆம் வருஷத்து மே மாதம் இதைப் பாரத தேசம் முழுவதற்கும் உணர்த்திற்று. வழக்கமாக ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, கத்திரி முடியுமுன்னரே, மே 24-ல் வந்துவிட்டது. இரண்டே நாளில் பம்பாய் நகரையும் எட்டிவிட்டது. டில்லியில் அந்த ஒரு மாதத்தில் 186 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அந்நகரின் மே மாதக் கணக்கில் அதுவே உச்சம். 1901 முதல் உள்ள கணக்கில், தேசம் முழுவதற்கும் அவ்வளவு மழை பெய்த மே மாதம் வேறில்லை. வடக்கே மேற்கிலிருந்து வந்த காற்றுக் குழப்பங்களும், கொங்கணக் கரையருகே உண்டான தாழ்ந்த அழுத்தமும் அவ்வருஷத்து மழைக்குக் காரணங்கள். இவற்றோடு பொதுவான காரணம் ஒன்றும் உண்டு. உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் காற்று ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு கூடுதலான ஈரத்தைத் தாங்கும். பூமியும் கடலும் சூடேறி வரும் இக்காலத்தில் மழையும் புழுக்கமும் கைகோத்து வருவதில் வியப்பில்லை.

கோடை மழையால் நன்மை இல்லையா? உண்டு. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள். கோடை உழவுக்கு அந்த ஈரம் வேண்டும். ஆனால் அதே மழையில் தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்து போகிறது. சூளையருகே அறுத்துக் காய வைத்த பச்சைச் செங்கல் மறுபடியும் சேறாகிறது. நமக்கு வடாம் போயிற்று; அவர்களுக்குக் கூலி போயிற்று. மழை விட்டதும், போன கூலியை ஈட்ட அவர்கள் புழுக்கத்திலேயே இறங்கி உழைக்க வேண்டியிருக்கிறது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

உஷ்ணமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி வைத்தால், வேர்த்த உடல் எவ்வளவு குளிர முடியும் என்பது ஒருவாறு தெரிந்துவிடும். 42 டிகிரி வெயிலில் காற்றின் ஈரம் நூற்றுக்கு 15 ஆக இருந்தால், ஈரத்துணி உஷ்ணமானி சுமார் 22 டிகிரிதான் காட்டும். 34 டிகிரியில் ஈரம் 80 ஆனால், அது ஏறக்குறைய 31 டிகிரியைக் காட்டும். திடகாத்திரமான வாலிபர்களுக்குக்கூட அந்த அளவிலேயே உடல் சூடு கட்டுக்கு அடங்காமல் ஏறத் தொடங்குகிறது என்று 2022-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி கூறுகிறது. "இன்று 34 டிகிரிதானே!" என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் நாள், 42 டிகிரி நாளைவிடக் கொடியதாக இருக்கலாம்.

கடற்கரை ஊர்களில் 37 டிகிரியை எட்டி, வழக்கத்துக்கு 4.5 டிகிரியாவது மிஞ்சினால்தான் வெப்ப அலை என்பது வானிலை இலாகாவின் விதி. புழுக்கத்தைப் பற்றியும் இலாகா தனியே எச்சரிக்கை விடுக்கிறது. அளப்பதற்குக் கருவி இல்லாமலும் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1948-ல் அந்த இலாகாவில் சேர்ந்த அன்னா மணி அம்மையார், சுமார் 100 வானிலைக் கருவிகளின் வரைபடங்களைச் சீர்ப்படுத்தி, அவற்றை நம் நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். சுதேசிக் கருவி சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

தமிழ்நாட்டு அரசாங்கம் 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, அதனால் உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லக்ஷம் ரூபாய் உதவி என்று விதித்தது. நல்ல காரியம். ஆயினும் உயிர் போனபின் கொடுக்கும் பணத்தைக் காட்டிலும், போகுமுன் கொடுக்கும் நிழல் பெரிதல்லவா? அண்டையிலுள்ள கேரளத்தில் கோடைதோறும் வெயிலில் உழைப்போருக்கு நண்பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு என்று ஏற்பாடு செய்கிறார்கள். மழை பெய்து குளிர்ந்தது போல் தோன்றும் நாட்களுக்கும் சேர்த்து அத்தகைய ஏற்பாடு எங்கும் வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் சும்மா இருப்பதற்கில்லை. திங்களூரில் அப்பூதி அடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்து அதற்குத் திருநாவுக்கரசர் பெயரை இட்டார். அந்த மரபில் வந்தவர்கள் நாம். நம் வீட்டுச் சுவரைக் கட்டுபவருக்கும், தலையில் காய்கறிக் கூடை சுமந்து வருபவருக்கும் பதினைந்து நிமிஷ நிழலும், உப்புப் போட்ட ஒரு தம்ளர் நீர்மோரும் கொடுக்கப் பெரிய செல்வம் தேவையில்லை. எந்த நாளில் கொடுப்பது என்ற சந்தேகம் வந்தால், மூலையிலுள்ள பானையைத் தொட்டுப் பாருங்கள். அது குளிராத நாளே அந்த நாள்.