வரிசைகள் வீண் போவதில்லை

“இன்னும் எத்தனை நாளைக்கு ஸ ரி க ம? பாட்டு எப்போது ஆரம்பிப்பார்கள்?” பெங்களூரில் பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பும் நம் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழாத வீடு அபூர்வம். பிள்ளைகள் கேட்டால் பரவாயில்லை, பெற்றோரும் சேர்ந்தல்லவா கேட்கிறார்கள்! சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம் என்று மாதக்கணக்கில் நீளும் இந்தப் பயிற்சி அவசியம்தானா? இதற்கு ஒரு நல்ல பதில் ஐரோப்பிய இசை வரலாற்றில் இருக்கிறது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அநாதைச் சிறுவர்களுக்காக 16ஆம் நூற்றாண்டில் நான்கு இல்லங்கள் தோன்றின. நாளடைவில் அவை இசைப் பள்ளிகளாயின. அங்கே பயின்றவர்களை 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரண்மனைகள் தேடி அழைத்தன. கொத்தனார் மகனான சிமரோசா அப்படிப் படித்துத்தான் 1787இல் ரஷ்ய அரசவைக்குப் போனார். அக்காலத்து நளினமான இசைக்குக் ‘கலான்ட்’ பாணி என்று பெயர்.

அங்கே பாடம் நடந்த முறை வேடிக்கையானது. கீழ் ஸ்வரங்களின் வரிசையை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். அதற்கு மேல் என்ன வாசிப்பது என்பதை மாணவன் அந்த நிமிடமே தன் கற்பனையில் வாசித்துக் காட்ட வேண்டும். இதை ‘பார்ட்டிமென்டோ’ என்பார்கள். சிறுவர்களால் இது எப்படி முடிந்தது? நூற்றுக்கணக்கான ஸ்வரக் கோவைகள் அவர்கள் விரல்களில் படிந்திருந்தன.

நம் ஸ்வரங்களிலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். மேலே ‘த ப ம க’ என்று இறங்கும்போது, கீழே ‘ம க ரி ஸ’ என்று உடன் இறங்கும். அக்காலத்தில் இந்தக் கோவையைப் பயன்படுத்தாதவர் இல்லை. ரீப்பெல் என்ற ஆசிரியர் 1755இல் எழுதிய நூலில் வேறு மூன்று கோவைகளுக்குப் பெயரும் சூட்டினார். ஒரு சொற்றொடரை ஒரு படி மேலே ஏற்றித் திரும்பச் சொன்னால் ‘மலை’. ஒரு படி கீழே இறக்கிச் சொன்னால் ‘கிணறு’. பஞ்சமத்தில் நின்று அடுத்த பகுதிக்குக் காத்திருந்தால் ‘பாலம்’.

பாலம் என்றதும் என் தொழில் நினைவுக்கு வருகிறது. ரயில்வேயில் சிறு பாலங்களுக்கு ஸ்டாண்டர்டு டிராயிங் உண்டு. ஒவ்வொரு ஓடைக்கும் புதிதாகக் கணக்குப் போடுவதில்லை. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்து முடிவு செய்வதில்தான் என்ஜினீயரின் திறமை இருக்கிறது. இசையும் அப்படித்தான்.

நர்சரிக் குழந்தை பாடும் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1761இலேயே பிரான்சில் அச்சான மெட்டு அது. ‘ஸஸ பப தத பா, மம கக ரிரி ஸா’ என்று பாடிப் பாருங்கள். நம் ஜண்டை வரிசைபோல இரட்டை இரட்டையாக வருகிறதல்லவா? நடுவில் மேற்சொன்ன ‘த ப ம க’வும் இருக்கிறது. இந்த எளிய மெட்டை வைத்துக்கொண்டுதான் மொஸார்ட் பன்னிரண்டு விதமாக விரித்து வாசித்தார்.

இந்த வகை இசை நம் ஊருக்கும் வந்தது. திருவாரூரில் 1775இல் பிறந்த முத்துஸ்வாமி தீட்சிதர், சென்னைப் பக்கம் வசித்தபோது ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டார். அம்மெட்டுகளுக்குச் சங்கராபரணத்தில் சாகித்தியம் செய்தார். அவையே நோட்டுஸ்வரங்கள். ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்பது இங்கிலாந்து அரச கீதத்தின் மெட்டு. சொந்த வரிசைகளில் ஊறியவருக்கு அந்நிய மெட்டு மிரட்சி தரவில்லை.

நேப்பிள்ஸ் பயிற்சி என்னவாயிற்று? 19ஆம் நூற்றாண்டில் அது மெல்ல மங்கியது. மேடையில் நினைத்த மாத்திரத்தில் கற்பனையாக வாசிக்கும் வழக்கமும் மேல்நாட்டுச் சாஸ்திரீய இசையில் அருகிப்போனது. பழைய மாணவர்களின் பயிற்சி ஏடுகளை நூலகங்களில் தேடி எடுத்து, அந்தக் கலையை இன்று மீட்டு வருகிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் யெர்டிங்கன் 2007இல் வெளியிட்ட நூல் இதில் முக்கியமானது.

அவர்கள் தேடி எடுப்பது நம் வீட்டில் இன்னும் அறுபடாமல் இருக்கிறது. அலங்காரத்தை மூன்று காலத்திலும் பாடிய பிள்ளைதான் பின்னாளில் கல்பனாஸ்வரம் பாடும். இந்த வரிசைகளை வகுத்துத் தந்தவர் புரந்தரதாஸர் என்பது மரபு. அவர் பாடியது கன்னடத்தில். ஆனாலும் தஞ்சாவூர்ப் பிள்ளைக்கும் முதல் பாடம் அவருடையதுதான். அவர் நாட்டிலேயே குடியிருந்துகொண்டு அந்தப் பாடத்தை அவசரப்பட்டுத் தாண்டலாமா?

ஆகவே பெற்றோர்களே, “பாட்டு எப்போது?” என்று ஆசிரியரை நெருக்காதீர்கள். மாலையில் பிள்ளை வரிசை பாடும்போது டி.வி.யை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுங்கள். பாட்டு தானாக வரும்.